துள்ளும் ஊசியை அடக்காதீர்கள்

கிளைடர் ஓட்டப் பழகுபவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் ஒரு யோசனை உண்டு: “வேரியோ ஊசி துள்ளுகிறதா? டாம்பிங்கை 3, 4 வினாடிக்கு ஏற்றிவிடு, அடங்கிவிடும்.” இன்ஜின் இல்லாத விமானத்தில், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை உடனுக்குடன் சொல்லும் கருவி வேரியோமீட்டர். டாம்பிங்கைக் கூட்டி அதை மந்தமாக்குவதுதான் வைத்தியம் என்பதை நான் ஏற்கவில்லை. டாம்பிங் கூட்டினால் ஊசி அடங்கும், உண்மைதான். ஆனால் ஊசி அடங்கியதால் கிளைடர் கூடுதலாக ஏறிவிடாது.

துள்ளல் எல்லாம் வெறும் இரைச்சல் என்பது இந்த யோசனையைச் சொல்பவர்கள் வைக்கும் முதல் வாதம். இரைச்சல் உண்டுதான். கடல்மட்டத்தருகே 1 பாஸ்கல் அழுத்த மாற்றம் சுமார் 8 செ.மீ. உயரத்துக்குச் சமம். வேரியோ காட்டுவது உயரத்தை அல்ல, உயரம் மாறும் வேகத்தை. அதனால் பத்தில் ஒரு வினாடியில் சென்சார் 10 செ.மீ. தடுமாறினாலே வினாடிக்கு 1 மீட்டர் ஏற்றம் என்று கணக்காகிவிடும். இந்த வகை இரைச்சல் ஒரு வினாடி வடிகட்டலிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் துள்ளினால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ட்யூபில் ஒரு சொட்டு நீர் தேங்கியிருக்கலாம். இணைப்பில் கசிவு இருக்கலாம். ரேடியோவின் பேசும் பட்டனை அழுத்தும்போது மட்டும் ஊசி துடித்தால் அது மின் தொல்லை. இவற்றைப் பிரித்தறிய நல்ல வழி, தெர்மல் எனும் மேலெழும் வெப்பக்காற்று கிளம்புவதற்கு முன் அதிகாலையில், காற்று அசையாத நேரத்தில் பறந்து பார்ப்பது. சீரான வேகத்தில் போகும்போதே ஊசி துள்ளினால் கோளாறு கருவியில் அல்லது ட்யூபில். அது நிலையாக நின்றால் மணிக்கு 160 கி.மீ.யிலிருந்து 90க்கு இதமாக மூக்கைத் தூக்குங்கள். அந்த வேகம் ஏறக்குறைய 70 மீட்டர் உயரமாக மாறும். இந்த வேக மாற்றத்தைக் கருவி ஈடுசெய்வது சரியாக இருந்தால் ஊசி அதைக் கண்டுகொள்ளாமல், கிளைடர் இயல்பாக இறங்கும் அளவையே காட்டும். குபீரென்று மேலே பாய்ந்தால் பார்க்க வேண்டியது வாலில் நீட்டியிருக்கும் டோட்டல் எனர்ஜி குழாயையும் அதன் இணைப்புகளையும். டாம்பிங் இந்தக் கோளாறு எதையும் சரிசெய்யாது. கண்ணில் படாமல் மறைத்துவிடும், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் துள்ளல் மிஞ்சும். அது காற்றின் வேலை. எதிர்க்காற்று திடீரென வினாடிக்கு 1 மீட்டர் கூடினால், டோட்டல் எனர்ஜி வேரியோ அதையும் கிளைடருக்கு ஆற்றல் கூடியதாகவே படிக்கும். மணிக்கு 100 கி.மீ.யில் அது 2.8 மீட்டர் உயரத்துக்குச் சமம், 180 கி.மீ.யில் 5 மீட்டருக்கு மேல். ஒரே வினாடியில் அது நடந்தால், இல்லாத தெர்மல் ஒன்று ஊசியில் தெரியும். இதை டாம்பிங்கால் வடிக்க முடியுமா? இந்தக் காற்று வீச்சுகள் சில வினாடிகள் நீடிப்பவை. உண்மையான தெர்மலுக்குள் நுழையும்போது வரும் முதல் உதைப்பும் அதே சில வினாடிதான். ஒன்றை மழுக்கினால் மற்றதும் மழுங்கும். இருக்கையில் முதுகை அழுத்தும் உந்தலையும் வேகமானியையும் சேர்த்துப் பார்த்துத்தான் பைலட் இரண்டையும் பிரிக்கிறார்.

“கொஞ்சம் தாமதம்தானே, பழகிவிடும்” என்பது அடுத்த வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கி.மீ., 40 டிகிரி சாய்வு என்றால் வட்டத்தின் ஆரம் சுமார் 76 மீட்டர், ஒரு சுற்றுக்கு 19 வினாடி. டாம்பிங் 3 வினாடி என்றால், திடீர் மாற்றத்தில் 63 சதவீதத்தை எட்டவே ஊசிக்கு 3 வினாடி வேண்டும். அந்த அமைப்பில் வட்டத்தின் ஏற்ற இறக்கத்தை ஊசி ஏறக்குறைய 45 டிகிரி பின்தங்கிக் காட்டும், அதாவது சிறந்த இடத்தைத் தாண்டி 60 மீட்டர் போன பிறகு. வீச்சும் 70 சதவீதமாகச் சுருங்கிவிடும். 1 வினாடி அமைப்பில் பின்னடைவு 18 டிகிரிதான், வீச்சு 95 சதவீதம் மிஞ்சும்.

அதோடு போகவில்லை. ஊசியைப் பார்த்து முடிவெடுக்க, சாய்வைக் குறைத்து மறுபடி கூட்ட இன்னும் சில வினாடிகள் ஆகும். எல்லாம் சேர்ந்தால் வட்டத்தை நகர்த்தும் திசை கால் சுற்றுக்கு மேல் பிசகும். தெர்மலின் மையத்துக்குப் போகாமல் அதைச் சுற்றிச் சுற்றியே வருவீர்கள். ஏறவே முடியவில்லை என்று அலுத்துக்கொள்ளும் பலருடைய சிக்கல் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். பழகிவிடும் என்ற பேச்சும் நிற்காது. வேகமும் சாய்வும் மாறினால் பின்னடைவின் கோணமும் மாறும், எதற்கென்று பழகுவது?

ட்யூபிலேயே நுண்துளை அடைப்பான் செருகும் வழக்கம் இன்னும் மோசமாகப் போய் முடியலாம். பிட்டோ, ஸ்டாட்டிக் அழுத்தங்கள் இரண்டிலிருந்தும் மின்னணு முறையில் ஈடுசெய்யும் கருவியில், ஒரு ட்யூபில் மட்டும் அடைப்பான் வைத்தால் இரண்டு அழுத்தங்களும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். துள்ளலை ஒழிக்கப் போய், ஸ்டிக்கை அசைக்கும்போதெல்லாம் புதுத் துள்ளலை உண்டாக்கியிருப்பீர்கள்.

“இப்போதைய கருவிகளில் கால்மன் ஃபில்டர் இருக்கிறது, தாமதமே இல்லாமல் வழவழப்பாகக் காட்டுகிறதே” என்பார்கள். அது என் பக்கத்துக்கான சாட்சி. அங்கே முடுக்கமானி என்ற இன்னொரு அளவீடு சேர்கிறது, விரைவான அசைவுகளை அது தருகிறது. தகவல் கூடியதால் வந்த தெளிவு அது. டாம்பிங் தகவலைக் குறைக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கக்கூடாது.

1929இல் கிளைடரில் 100 கி.மீ. தூரத்தை முதன்முதலில் கடந்த ராபர்ட் கிரான்ஃபெல்ட் காலத்து மந்தமான கருவிகளைச் சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். அன்றைய கிளைடர்கள் இன்றையவற்றைவிட மிக மெதுவாகப் பறந்தவை, சின்ன வட்டம் போட்டவை. இன்றைய வேகத்துக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

சராசரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தெர்மலில் இருக்கலாமா, கிளம்பலாமா என்று முடிவெடுக்க 20 அல்லது 30 வினாடி சராசரி எண்தான் சரி. குறைந்தது ஒரு முழுச் சுற்றை அது உள்ளடக்கும். அது தனி எண்ணாக மூலையில் இருக்கட்டும். ஊசியையும் பீப் ஒலியையும் 1, 1.5 வினாடியில் விட்டுவிட்டு, அதிகாலைச் சோதனையில் கசிவு தெரிந்த இணைப்பை இன்றைக்கே மாற்றுங்கள்.