பழைய வாட்சுக்குப் புது முகம் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பையன் ஒரு வாட்சைக் கொண்டுவந்து காட்டினான். எச்.எம்.டி. பைலட். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். ஆன்லைனில் வாங்கினானாம். "தாத்தா, எழுபதுகள்ல செஞ்சதாம், எப்படிப் புதுசா இருக்கு பாருங்க" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். உண்மையிலேயே புதிதாகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற டயல். மை ஊறியதுபோல் எழுத்துகள் தடித்திருந்தன. நிமிஷக் கோடுகள் மணிப் புள்ளிகளோடு ஒட்டாமல் சற்று விலகி நின்றன. அடியில் இருந்த சிறிய எழுத்தில் பாதி விளிம்புக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. காதில் வைத்தேன். உள்ளே ஓடுவது அசல்தான், நல்ல ஓட்டம். முகம் மட்டும் சமீபத்தில் எவரோ பெயிண்ட் அடித்தது.

அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் தமிழில் எதையும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்.

பழைய வாட்சுகள் மேல் இளைஞர்களுக்கு ஆசை வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பழையது வேண்டும், பழையதாகத் தெரியக் கூடாது என்கிறார்களே, அது எனக்கு ஏற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றால், ஒரு வகையில் இல்லை. அந்தத் தப்பை நானே செய்தவன்.

அப்பா ஆலைத் தொழிலாளி. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடியதற்காக 1936 ஜூலை 30-ஆம் தேதி பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் எங்கள் புதுச்சேரி. அப்பா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. எப்போது உள்ளே போக வேண்டும், எப்போது வெளியே வரலாம் என்பதை ஆலைச் சங்குதான் சொல்லும். சங்கைச் சரிபார்க்கத் தொழிலாளி கையில் ஒன்றும் கிடையாது. என் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தார். 1952-இல் சைகோனிலிருந்து லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு வாட்ச் கொடுத்தார். அன்றிலிருந்து சாயங்காலச் சங்கு இரண்டு நிமிஷம் தாமதித்தாலும் அப்பா வீட்டில் வந்து சொல்லிவிடுவார். யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. தெரிந்து வைத்திருப்பார், அவ்வளவுதான்.

அந்த டயலில் பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. அப்பாவுக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டிருந்தார் அல்லவா, ஏழெட்டு வயதில் மடியில் உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார். 'ஆங்க்ர், 15 ரூபி, பெசான்சோன்' என்று படித்தேன். ஆங்க்ர் என்றால் நங்கூரம், ரூபி என்றால் மாணிக்கம், மூன்றாவது ஊர்ப் பெயர் என்று அர்த்தமும் சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பல்காரர்களுக்குச் செய்த வாட்ச், உள்ளே பதினைந்து மாணிக்கம் வேறு! அக்கம்பக்கத்தில் சொல்லாதே என்று என்னை எச்சரித்தார்.

விஷயம் பிற்பாடுதான் தெரிந்தது. வாட்சுக்குள் ஒரு பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிற சிறிய நெம்புகோல் ஒன்று உண்டு. நங்கூர வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். டிக் டிக் சத்தம் அதனுடையதுதான். மாணிக்கமும் மெய்தான். செயற்கையாகச் செய்த கடுகுக்கும் சிறிய கற்கள். அச்சுகள் தேயாமல் சுழல அவற்றில் துளையிட்டுப் பொருத்துவார்கள். விலை சொற்பம். அப்பாவிடம் இரண்டாவதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெசான்சோன் என்ற பெயரை மறுபடி நான் பார்த்தது 1973-இல். வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. நூலகத்துக்குத் தாமதமாக வந்து சேரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்த ஊர்ச் செய்திதான். லிப் என்ற வாட்ச் கம்பெனியில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் தொழிற்சாலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். தாங்களே வாட்ச் செய்து, தாங்களே விற்று, சம்பளத்தையும் தாங்களே பகிர்ந்துகொண்டார்கள். செப்டம்பரில் அவர்களுக்கு ஆதரவாக அந்த ஊரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் ஊர்வலம் போனார்கள். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பேசாமல் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "நம்ம வாட்ச் ஊர்க்காரங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இனி என் தப்பு. 1998-இல் என் மகள் கல்யாணம். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. டயல் பழுப்பேறி, மூன்று மணி பக்கம் ஒரு கறை. கல்யாணத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று அவரைக் கேட்காமல் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பால் வெள்ளையாகத் திரும்பி வந்தது. அப்பா கட்டிக்கொண்டார். கண்ணருகே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். படிக்கத் தெரியாதவர்தான், ஆனால் நாற்பத்தாறு வருஷம் பார்த்த எழுத்துகளின் உருவம் தெரியாமல் போகுமா? "நங்கூரம் எங்கடா?" என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆங்க்ர் இல்லை, 15 ரூபி இல்லை. பெசான்சோன் இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்விஸ் மேட்' என்று எழுதியிருந்தது. கடைக்கு ஓடினேன். பழையதைச் சுரண்டித்தான் புதிதாக அடிக்க முடியும், சார் என்றார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. கல்யாணம் முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்தார். பிறகு கட்டவேயில்லை.

அதனால்தான் சொல்கிறேன், டயலைத் தொடாதீர்கள். வாட்சை ஓட வைக்க வேண்டியதையெல்லாம் செய்யலாம், செய்யவும் வேண்டும். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகும்; நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் விடத்தான் வேண்டும். வில் அறுந்தால் மாற்றுங்கள், கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுங்கள், வார் இற்றுப்போனால் அதையும். இவையெல்லாம் அந்தக் காலத்திலும் மாற்றியவைதான். முகம் அப்படியல்ல. இன்னொன்று: இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள ஐம்பதுகளின் வாட்சுகளில் பெரும்பாலும் இருப்பது ரேடியம். இப்போது ஒளிராவிட்டாலும் ரேடியம் அப்படியேதான் இருக்கும். பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். அதைச் சுரண்டினால் தூசு மூச்சோடு உள்ளே போகும். வீட்டில் திறந்து பார்க்கிற வேலையே வேண்டாம்.

நேரம் காட்டுவதில் இவை கெட்டி என்று நான் வாதாடமாட்டேன். 1969 கடைசியில் ஜப்பானில் சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த அன்றே அந்த வாதம் முடிந்துவிட்டது. இன்று மலிவான குவார்ட்ஸ் வாட்ச் ஒரு மாதத்தில் பிசகுவதை நம் பழையது ஒரே நாளில் பிசகிவிடும். போகட்டும், ஓய்வு பெற்றவனுக்கு அரை நிமிஷத்தில் எந்த ரயில் போய்விடப் போகிறது? தினமும் ராத்திரி படுக்கும்முன் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இருபது, இருபத்தைந்து சுற்று. விரலில் இறுக்கம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நொடிக்கு ஐந்து என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 4,32,000 டிக். நான் மறந்தால் அதுவும் மறுநாள் நின்றுவிடும்.

என்னிடம் இருப்பவை ஆறு. முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய எச்.எம்.டி. ஜனதாதான் தினமும் கையில். ஜப்பானின் சிட்டிசன் துணையோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. அந்தப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. என் ஜனதா இன்னும் ஓடுகிறது. டயல் டீ நிறமாகிவிட்டது. ஏழுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. 1977 புயலில் நனைந்து வீடு திரும்பிய நாளுடையது.

அப்பாவின் வாட்சும் இருக்கிறது. போன வருஷம் ஒருவர், போட்டோ இருந்தால் கொடுங்கள், பழையபடியே ஆங்க்ர் என்று எழுதித் தருகிறேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். என் அவசரத்தில் வந்த 'ஸ்விஸ் மேட்' அப்படியே இருக்கட்டும்.

எதிர்வீட்டுப் பையன் நேற்றும் வந்தான். அவனுடைய பைலட் நின்றுவிட்டதாம். என்ன ஆயிற்று என்று பார்த்தால், வாங்கிய நாளிலிருந்து சரியாகச் சாவியே கொடுக்கவில்லை! கொடுத்துக் காட்டினேன். ஓட ஆரம்பித்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் ஜனதாவைக் கையில் வாங்கி, "இந்தப் புள்ளி என்ன தாத்தா?" என்று கேட்டான். புயல் கதையைச் சொன்னேன். ஜனதாவை அவனுக்கே கொடுத்துவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசனை. கொடுத்தால் ஒரே ஒரு நிபந்தனைதான். அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.