வானம் பார்த்த கூட்டம்

பழங்கதை பேசுகிறோம் என்று இளந்தோழர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும்; சிரித்து முடித்த பிறகு சற்றே செவி சாய்க்கட்டும். கடற்கரை மணல், ஆகாய விமானம், அரசியல் — இந்த மூன்றையும் பற்றித்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். 2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னை மெரினாவில் அந்த மூன்றும் ஒன்றாகக் கூடின. கூடிய இடத்தில் ஐந்து பேர் மாண்டனர்.

இந்திய விமானப்படை தொடங்கப்பட்டது 1932 அக்டோபர் 8. அதன் 92-ஆம் ஆண்டு விழாவுக்காக அன்று மெரினா வானத்தில் வீர விளையாட்டு. பகல் 11 மணிக்குத் தொடங்கி 1 மணி வரை. 21 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் காட்சி என்பதால் ஊரே திரண்டது. 15 இலட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். ரஃபேல் வந்தது, தேஜஸ் வந்தது, சுகோய் வந்தது. கீழே நின்றவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். வானத்திலே ஒரு கோளாறும் இல்லை. ஒரு விமானம்கூட வழி தவறவில்லை. மண்ணிலேதான் மரணம்! குண்டு விழவில்லை, நெருப்புப் பற்றவில்லை. வெயிலும் தாகமும் நெருக்கடியும் செய்த வேலை அது.

நாமும் விமானத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள்தாம். அதில் வெட்கமில்லை. அன்று பழைய டகோட்டா ஒன்றும் அந்த வரிசையில் பறந்தது. ரஃபேலைப் பார்த்து இளைஞர்கள் கூவினார்கள். டகோட்டாவின் இரட்டை எஞ்சின் முழக்கம் கேட்டபோது நமக்கோ அரைக்கால் சட்டைப் பருவம் திரும்பி வந்தது. மீனம்பாக்கத்துக்கு மிதிவண்டியில் போய், வேலி ஓரத்தில் வயிற்றுப் பசியோடு காத்துக் கிடந்து, டகோட்டா இறங்குவதையும் 1957-க்குப் பின் வைக்கவுண்ட் இறங்குவதையும் பார்த்துவிட்டு இருட்டிலே வீடு திரும்பிய கூட்டத்தில் நாமும் ஒருவர். உள்ளே ஏறுவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஏறுகிறவன் ஒரு சாதி, பார்க்கிறவன் ஒரு சாதி என்றிருந்த காலம்.

இந்தச் சென்னைக்கு விமானம் புதிதல்ல. ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-லேயே இங்கே ஒரு விமானத்தைக் கட்டிப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். கராச்சியிலிருந்து 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்க்கு ஓட்டி வந்த தபால் விமானத்தைப் பம்பாயிலிருந்து சென்னைவரை ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். அதே ஊர்தான் 1942-லே ஜப்பான்காரன் வருகிறான் என்று மூட்டை முடிச்சோடு காலியானது. மறு ஆண்டு அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டும் போனது. வானத்தைப் பார்த்து நடுங்கிய கதையை நம் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படி நடுங்கிய ஊர் இன்று குழந்தை குட்டிகளோடு வானத்தைப் பார்த்துக் கைதட்ட வருகிறது என்றால், அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

குறை வேறிடத்தில் இருக்கிறது.

அந்த மணலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1907-லே விபின் சந்திரபாலர் வந்து முழங்கியது அந்தக் கடற்கரையில். 1923 மே முதல் நாள், இந்தியாவின் முதல் மே தின விழாவைச் சிங்காரவேலர் நடத்தியதும் சென்னைக் கடற்கரையில்தான். உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். 1938 செப்டம்பர் 11 அன்று தமிழ்நாடு தமிழருக்கே என்ற முழக்கத்தைப் பெரியார் எழுப்பியதும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில். பிறகு நம் கழகத்தின் காலம். எத்தனை கூட்டங்கள், எத்தனை இரவுகள்!

எப்படி நடந்தன அந்தக் கூட்டங்கள்? இளந்தோழர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். கூட்டம் பொழுது சாய்ந்த பின். ஆலையில் வேலை முடிந்து, துறைமுகத்தில் சுமை இறக்கி முடித்து, பெரம்பூர்ப் பட்டறையிலிருந்து கரி படிந்த சட்டையோடு நடந்தே வருவான் தொழிலாளி. கடலிலிருந்து காற்று வீசும். பகலெல்லாம் காய்ந்த மணல் குளிர்ந்து கிடக்கும். வந்தவன் நிற்கமாட்டான், துண்டை விரித்து உட்காருவான், முதியவர் காலை நீட்டிக்கொள்வார், குழந்தை மடியில் தூங்கும். சுண்டல்காரன் வரிசை வரிசையாக நுழைந்து வருவான். பேச்சாளர் வரத் தாமதமானால் உள்ளூர்த் தோழர் ஒருவர் மேடையேறி ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிப்பார். நள்ளிரவு தாண்டும். பேச்சில் பிடிக்காத இடம் வந்தால் கீழே இருந்தே கேள்வி பறக்கும். மேடையிலிருந்து பதில் வரும். கேட்க வந்த கூட்டம் அது. பார்க்க மட்டும் வந்த கூட்டமல்ல.

மாலை நேரம், உட்கார மணல், கடற்காற்று, வந்த வழியே திரும்ப விசாலமான பாதை: இந்த நான்கையும் எந்த அதிகாரியும் திட்டமிட்டுத் தரவில்லை. உழைப்பாளியின் நாள் அப்படி இருந்தது, ஆகவே கூட்டமும் அப்படி அமைந்தது. உயிர் காத்தது அந்த அமைப்பு.

எல்லாம் பொற்காலம் என்று பூச நாம் தயாராக இல்லை. சிகிச்சைக்காக 1968 செப்டம்பரில் அண்ணா அமெரிக்கா பறந்தபோது, மீனம்பாக்கத்தில் விமானம் புள்ளியாகி மறையும்வரை அண்ணாந்து நின்றவர்கள் நாம். நவம்பரில் அவர் திரும்பிய நாளிலும் அங்கேயே நின்றோம். வானத்தைப் பார்த்து அழுத நாளும் சிரித்த நாளும் அவை. 1969 பிப்ரவரி 3 அன்று அவர் மறைந்தார். இறுதி ஊர்வலத்துக்காக இரயில் கூரைமேல் ஏறி வந்த தோழர்கள் கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டு மாண்டார்கள். வண்டிக்குள் இடமில்லை, கூரைமேல் ஏறாதே என்று தடுக்க ஆளில்லை. அன்பு மிகுந்த இடத்தில் ஏற்பாடு குறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் இயக்கம் அன்றே கண்ணீரோடு கற்றிருக்க வேண்டும்.

கற்றோமா?

பிறகு அரசியல் மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்பியது. தலைவர்கள் ஹெலிகாப்டரில் இறங்கத் தொடங்கினார்கள். அவர் மாலையில் வேறு ஊருக்குப் பறக்க வேண்டும். ஆகவே இங்கே கூட்டம் உச்சி வெயிலில். அவருடைய மேடையில் குளிர்ந்த காற்று. கீழே கட்டைகளுக்கு நடுவே அடைபட்ட கூட்டம். எழுந்து வெளியே போகவும் வழியில்லை. 2016 ஏப்ரல் 11 அன்று விருத்தாசலத்தில் அ.தி.மு.க. தேர்தல் கூட்டத்துக்கு வந்தவர்களில் இருவர் வெயிலில் மாண்டார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய் கட்சியின் கூட்டத்தில் 41 உயிர்கள் போயின. பொறுப்பு யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும். மணிக்கணக்கில் காத்து நின்ற கூட்டம் அது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைப்பது நமக்கு அழகல்ல. 2024 அக்டோபரில் கோட்டையில் இருந்தது நம் அரசு. நிகழ்ச்சி விமானப்படையுடையது என்றார்கள், உண்மை. குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள் என்றார்கள், அதுவும் உண்மை. மருத்துவமனைகளில் படுக்கைகள் ஆயத்தமாக இருந்தன, இறந்தோர் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது — எல்லாம் சரி. ஆனால் 15 இலட்சம் பேர் திரும்பிப் போக எத்தனை இரயில், எத்தனை பேருந்து? பகல் 11 மணி எதற்கு? மணலில் நிழல் ஏது? குடிக்கத் தண்ணீர் எங்கே? வேளச்சேரிப் பறக்கும் இரயில் நிலையங்களில் கால் வைக்க இடமின்றி மக்கள் தவித்ததை நாமும் கண்டோம். எதிர்க்கட்சிக்காரன் கேட்டான் என்பதற்காக அந்தக் கேள்வி தவறான கேள்வி ஆகிவிடாது. அவன் கேட்பதற்கு முன் நாம் கேட்டிருக்க வேண்டும். நம் கட்சியின் கூட்டமே அந்த மணலில் வளர்ந்தது என்றால், அந்த மணலில் ஒருவன் தாகத்தால் விழுந்தான் என்ற செய்தி முதலில் சுட வேண்டியது நம்மை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். அதே கடற்கரையில் போராட்டம் நடத்த அனுமதியில்லை என்று 2018-லே உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவசாயிகள் அனுமதி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கூட்டம் சேர்ந்தால் கடற்கரை தாங்காது என்று கருதுகிறவர்கள், 15 இலட்சம் பேரை நிற்க வைத்து வானத்தைக் காட்டினால் மட்டும் தாங்கும் என்று கருதுகிறார்களா? பேச வந்தால் ஆபத்து, பார்க்க வந்தால் விழா!

இதற்கு நேர் எதிரான காட்சியையும் இந்தக் கண்கள் பார்த்தன. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள் அங்கே ஒரு வாரம் தங்கினார்கள். தலைவன் இல்லை, மேடை இல்லை. ஆனால் தண்ணீர் வந்தது, சோறு வந்தது, குப்பையை அவர்களே அள்ளினார்கள், பெண் பிள்ளைகள் அச்சமின்றி இரவைக் கழித்தார்கள். கடைசி நாளில் போலீசு விரட்டியபோது நடுக்குப்பத்து மீனவர்கள் வீட்டுக்குள் இழுத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக அந்த ஏழைகள் அடியும் பட்டார்கள். பிள்ளைகளுக்கு எந்தக் கட்சியும் கூட்டம் நடத்தச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்தார்கள். மேலே பார்க்கவில்லை.

1959-லே நிறுத்தப்பட்ட உழைப்பாளர் சிலை அந்தச் சாலையில்தான் நிற்கிறது. ராய் சௌத்ரி வடித்த அந்த நால்வரும் பாறையைப் பார்க்கிறார்கள். ஒருவனும் வானத்தைப் பார்க்கவில்லை. விமானக் காட்சி நாளில் அந்தச் சிலையின் நிழலில் ஒதுங்கிய குடும்பங்களைப் பார்த்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டோம்.

வருகிற வாரம் எங்கள் வட்டத்தில் தெருமுனைக் கூட்டம். பேச்சாளர் பகல் 3 மணிக்கு வசதி என்றார். முடியாது, மாலை 6 மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதால் அவர் சுருக்கமாகவே பேச நேரும். அதனால் நாட்டுக்கு நட்டமொன்றும் இல்லை. நாற்காலியை முன்வரிசைப் பிரமுகர்களுக்கு விட்டுவிட்டு, மற்றவர்களுக்குப் பாய் விரிக்கிறோம். இரண்டு பானை தண்ணீர் வைக்கச் சொன்னோம். ஒரு பானை மோரும் என்று தோழர் ஒருவர் தம் செலவில் சேர்த்துக்கொண்டார்.