சிவப்பு விழாத மாமி

2026 ஜனவரி 1ஆம் தேதி சுவிஸின் மூத்தியே நகரம் பேர்ண் மாநிலத்தை விட்டு ஜூராவுக்குப் போய்விட்டது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்கிறது, எல்லைக்கோடுதான் நகர்ந்திருக்கிறது. 2017இல் ஒரு வாக்கெடுப்பு நடந்து அது செல்லாது என்றானது. 2021 மார்ச்சில் இன்னொன்று நடந்தது. ஜூரா 1979இல் தனி மாநிலமானபோதே தொடங்கிவிட்ட இழுபறி, வாக்குச்சீட்டில் முடிந்திருக்கிறது. இதைப் பார்த்து ஈழத்திலிருந்து வந்த நம்மவர்களுக்கு வருகிற பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கிழமை எனக்கு மூத்தியே ஒரு வேலையாகவே வந்து சேர்ந்தது.

எங்கள் குடும்ப மரம் சித்தப்பா செய்தது. தொண்ணூறுகளில் உணவக வேலை முடிந்து நள்ளிரவில் வந்து, பாமினி எழுத்துருவில் தட்டித்தட்டி எங்கள் ஊரான வேலணையின் சொந்தம் முழுவதையும் கணினிக்குள் ஏற்றியவர். அந்தப் பழைய மென்பொருள் புதுக் கணினியில் ஓடாது. வேறொன்றுக்கு மாற்ற வேண்டும், மாற்றுமுன் துப்புரவு செய்ய வேண்டும். அந்த வேலை என் தலையில்.

பாமினிக்காரர்களுக்கு அடுத்த கட்டம் சொல்லாமலே விளங்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் அப்பாவும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுண்டு கிடப்பார்கள். பாமினியில் கொம்பை முதலில் தட்டிவிட்டு எழுத்தைத் தட்டுவோம். யூனிகோடில் எழுத்து முன்னே, கொம்பு பின்னே. மாற்றியில் போட்டு எடுத்தால் செல்லம்மாக்கள் சிலர் கொம்பை அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

ஊர்ப் பெயரில்தான் மூத்தியே வந்தது. அங்கே 1998இல் பிறந்த பிள்ளை ஒன்று எங்கள் மரத்தில் இருக்கிறது. அது பேர்ணில் பிறந்ததா, ஜூராவிலா? புது மென்பொருள் எல்லா ஊரையும் இன்றைய விலாசத்துக்கு ஒரே சொடுக்கில் மாற்றித் தருகிறேன் என்கிறது. விட்டால் 1984க்கு முன் கிளிநொச்சியில் பிறந்தவர்களை, அன்றைக்கு இல்லாத கிளிநொச்சி மாவட்டத்தில் பிறக்க வைக்கும். அப்போது அது யாழ்ப்பாண மாவட்டம். பிறந்த அன்று எந்தப் பெயரோ அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தியே முடிந்தது.

இனி என் பழைய பகையான குடும்பப் பெயருக்கு வருகிறேன்.

‘குடும்பப் பெயர் இல்லை.’ பிழை அறிக்கை முழுக்க இதே சிவப்பு வரி. குடும்ப மரங்கள் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போக உதவும் கெட்காம் என்ற கோப்பு வடிவத்தை மோர்மன் சபையார் 1980களில் உருவாக்கினார்கள். ஒருவரின் முழுப்பெயரில் குடும்பப் பெயரை மட்டும் இரண்டு சாய்கோட்டுக்கு நடுவே அடைப்பது அதன் வழக்கம். கோடுகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாத மனிதர்களையும் அந்த வடிவம் ஏற்றுக்கொள்ளும். மேலே உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்குத்தான் பொறுக்காது.

வேலணையில் ஒரு கந்தையா. அவர் மகன் சின்னத்தம்பி. சின்னத்தம்பியின் மகனுக்குப் பாட்டன் பெயரே, கந்தையா. ஆகவே தகப்பன் கந்தையா சின்னத்தம்பி, பிள்ளை சின்னத்தம்பி கந்தையா. ‘பெயர் முன்பின்னாகப் பதிவாகியிருக்கிறது, இருவரும் ஒருவரே போலும், இணைக்கவா?’ என்று பணிவாகக் கேட்கிறது பெட்டி. இணைத்தால் அந்த மனிதர் தனக்குத் தானே தகப்பன். சைவ சமயத்தில் சிவபெருமானுக்கே தகப்பனைக் காட்டாமல் விட்டுவிட்டார்கள், இது சின்னத்தம்பிக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்கிறது.

சுவிஸில் கதை இன்னும் சிக்கல். எண்பதுகளில் வந்து இறங்கிய அண்ணன் தம்பி இருவரிடம், வேறு வேறு மேசைகளில், குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மூத்தவர் தகப்பன் பெயரைக் கொடுத்தார். அவர் பிள்ளைகளுக்குப் பாட்டன் பெயர் பின்னொட்டு. இளையவரின் சொந்தப் பெயரே கடைசிப் பெட்டியில் விழுந்தது. அவர் பிள்ளைகளுக்கு அவர் பெயர். ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் ஒரே பள்ளியில் இரண்டு குடும்பங்களாகப் படித்தார்கள். மனைவிமார் ஊரிலேயே கலியாணம் எழுதி வந்தவர்கள். ஒருவருக்குத் தகப்பன் பெயர், மற்றவருக்குப் புருஷன் பெயர். எல்லாவற்றுக்கும் சிவப்பு. ‘தகப்பன் பெயரோடு பொருந்தவில்லை.’ பொருந்தாதுதான். அதுதான் நடந்தது.

இந்தச் சிவப்பையெல்லாம் ‘சரிசெய்து’ ஒரே குடும்பப் பெயராக்கிக் கொடுத்த மரங்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வடிவாக இருக்கும். அந்தப் பெயரோடு ஒரு பதிவும் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. சுவிஸ்காரர்களுக்கு இது தேவையில்லாத தலையிடி. 1962இல் எந்தெந்தக் குடும்பம் எந்தெந்த ஊரின் உரிமை பெற்றிருந்தது என்று காட்டும் குடும்பப் பெயர் நூலே அவர்களிடம் உண்டு. அடையாள அட்டையில் பிறந்த ஊருக்குப் பதிலாக ஹைமாட்ஓர்ட் என்ற அந்த உரிமை ஊரை அச்சடிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் இப்போது அது உண்டு. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போவதையே ஒரு பயணமாக நினைத்த கந்தையாவின் பெயர் எமெந்தாலில் தபால்பெட்டிகளில் ஒட்டியிருக்கிறது, கூடவே புர்க்டோர்ஃப் என்ற உரிமை ஊர். அவர் உயிரோடிருந்தால் அங்கே எத்தனை பரப்புக் காணி என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

ஹைமாட்ஓர்ட்டுக்குச் சித்தப்பா தானாக ஒரு புலம் உருவாக்கி வைத்திருந்தார். மாற்றப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். இப்படிச் சொந்தமாகச் சேர்த்த புலங்களைப் பழைய மென்பொருள் கெட்காமில் எழுதி அனுப்பினாலும் புதியது வாசிக்காமல் தள்ளிவிடலாம். ஒரு வார்த்தையும் சொல்லாது. அனுப்புமுன் அவற்றைக் குறிப்புப் பகுதிக்கு நகர்த்துங்கள். குறிப்பை அநேகமாக எல்லா மென்பொருளும் மதிக்கும். ‘சங்கக்கடை மாமா’, ‘வயிரவர் கோயிலடி’ போன்ற பட்டப்பெயர்களும் அங்கேயே போகட்டும். அவை இல்லாமல் ஊரில் ஒருவரையும் அடையாளம் காட்ட முடியாது.

இத்தனை சிவப்புக்கு நடுவே பெயர், தேதி, ஊர், மாவட்டம் எல்லாம் ஒரு பொட்டுக் குறையில்லாமல் பச்சையாக ஒரே ஒரு பதிவு. எங்கள் மாமியுடையது. பிறப்பு 20 ஜனவரி 1960.

மாமியின் சாதகம் சொல்வது சார்வரி வருஷம், தை மாதம். சார்வரி 1960 சித்திரையில் பிறந்து 1961 சித்திரையில் முடிகிறது. அதற்குள் வருகிற தை, 1961இன் தை. சார்வரி என்றால் 1960 என்று யாரோ ஒரு விதானையார் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதியது, பிறப்புச் சான்றிதழாகி, பாஸ்போட்டாகி, சுவிஸ் பதிவாகி நிற்கிறது. மரம் முழுவதிலும் உண்மையில் பிழையான தேதி இது ஒன்றுதான். மென்பொருளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். இங்கே பெண்களின் ஓய்வூதிய வயதை 64இலிருந்து 65க்குப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். 1960இல் பிறந்தவர்களுக்கு 64 போதும், 1961காரருக்கு மேலதிகமாக மூன்று மாதம். மாமி 2024இலேயே எடுக்கத் தொடங்கிவிட்டார்.

“சாதகத்தை ஆர் உனக்குத் தந்தது?” என்றார் மாமி.

“சித்தப்பாவின் பெட்டிக்குள் இருந்தது.”

“அப்ப பெட்டிக்குள்ளேயே வை தம்பி. வெள்ளிக்கிழமை வந்து ரெண்டு பேரும் சாப்பிட்டுப் போங்கோ, நண்டு வாங்கி வைக்கிறன்.”