அபராதம் கஜானாவுக்கு, பிள்ளைக்கு என்ன?

பாடம் படிக்கப் பிள்ளை கைப்பேசியைத் திறக்கிறது. பெயர், பிறந்த தேதி, முகப்படம், விலாசம் அத்தனையும் கேட்கிறது செயலி. வேலைக்குக் கிளம்பும் தகப்பன் படித்துப் பார்க்காமலே 'சம்மதம்' என்று அழுத்துகிறான்.

2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 18 வயது நிரம்பாதோர் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளையை வேவு பார்த்து விளம்பரம் காட்டக் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. வரவேற்கிறோம்.

ஆனால், அந்த அபராதம் யாருக்கு? இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு! விவரம் களவுபோன பிள்ளைக்குக் காலணாவும் இல்லை. நஷ்டஈட்டுக்கு வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது.

ஆலையில் கை போனால் தொழிலாளிக்கு நஷ்டஈடு என்று வெள்ளையராட்சியிலேயே, 1923-இல் சட்டம் வந்தது. இழந்தவன் தொழிலாளி, பெற்றவனும் அவனே. அந்த நியாயம் அவன் பிள்ளைக்கு இல்லையா? கேட்கிறோம்!

பாதிக்கப்பட்ட பிள்ளைக்கே நஷ்டஈடு என்று சட்டத்தைத் திருத்துக! தோழர்களே, அதுவரை 'சம்மதம்' என்று அழுத்துமுன் 'எதற்கு?' என்று கேளுங்கள்.