பூட்டிய கதவும் மிச்சம் பிடித்த பவுண்டும்

"பசங்க டேபிள் டென்னிஸ் ஆடுறதுக்கு அரசாங்கம் எதுக்குக் காசு கொடுக்கணும்?"

பிரிட்டனில் யூத் கிளப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழும். கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளையைத் திங்கட்கிழமை பியானோவுக்கும் புதன்கிழமை நீச்சலுக்கும் காரில் கொண்டுபோய் விடுகிறவர்கள். விளையாட்டு அவசியம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அடுத்தவன் பிள்ளைக்கும் அது அவசியமா என்பதில்தான் சந்தேகம்!

யூத் கிளப் என்றதும் ரசிகர் மன்றம் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி விட்ட பிறகு, மாலையில் திறக்கும் ஒரு கூடம். உள்ளே ஒரு பூல் மேசை, பழைய சோபா, டோஸ்ட் போட ஒரு சின்னச் சமையலறை, சில இடங்களில் பாட்டுப் பதிவு செய்ய ஒரு அறை. கட்டணம் கிடையாது, இருந்தாலும் சில்லறைதான். எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே இருக்கும் யூத் வொர்க்கர். அவர் வாத்தியார் இல்லை, போலீஸ் இல்லை, அப்பாவும் இல்லை. பதினான்கு வயதுப் பையன் "எனக்கு ஒரு பிரச்சினை" என்று சொல்வதற்கு இந்த மூன்றுமாக இல்லாத ஒரு பெரியவர் வேண்டும். அவரிடமும் முதல் நாளே சொல்ல மாட்டான். ஆறு மாதம் பூல் ஆடிவிட்டு, ஒருநாள் கோலைச் சுவரில் சாய்த்து வைக்கும்போது பேச்சுவாக்கில் சொல்வான். "டேபிள் டென்னிஸுக்குக் காசா?" என்று கேட்பவர்களுக்குப் புரியாத இடம் இதுதான்.

இது ஏதோ தானதர்மமாக வந்ததும் இல்லை. 1960ல் ஆல்பமார்ல் குழு ஒரு அறிக்கை கொடுத்தது. கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம். போருக்குப் பின் பிறந்த பெருங்கூட்டம் பதின்வயதுக்கு வந்துகொண்டிருந்த நேரம். அறிக்கைக்குப் பிறகு பணம் வந்தது, கட்டடங்கள் எழுந்தன. இந்த வேலைக்கு ஆள் தயார் செய்வதற்கென்றே 1961ல் லெஸ்டரில் ஒரு கல்லூரியும் திறந்தார்கள்.

2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் இளைஞர்களுக்கான ஓய்வுநேர வசதிகளை உள்ளாட்சிகள் செய்து தர வேண்டும் என்று இருக்கிறது. கூடவே "நடைமுறையில் இயன்ற அளவுக்கு" என்ற அருமையான வாலும் இருக்கிறது. 2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை வந்ததும், எல்லாக் கவுன்சில்களுக்கும் முதலில் கண்ணில் பட்டது அந்த வால்தான். முதியோர் பராமரிப்பை நிறுத்தினால் வழக்கு வரும். யூத் கிளப்பைப் பூட்டினால் என்ன வரும்? பதினைந்து வயதுப் பையனுக்கு ஓட்டு இல்லையே! ஒய்எம்சிஏ கணக்குப்படி, விலைவாசி உயர்வையும் சேர்த்துப் பார்த்தால், இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இளைஞர் சேவைக்குச் செலவிடும் தொகை 2010-11ல் இருந்ததைவிட 70 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டது.

வட லண்டனில் ஹாரிங்கே என்ற பகுதி. 2011ல் அங்கே இருந்த 13 யூத் கிளப்களில் எட்டை மூடினார்கள். ஜூலை கடைசியில் கார்டியன் பத்திரிகை இதைப் பற்றி ஒரு வீடியோ வெளியிட்டது. அதில் உள்ளூர் இளைஞர் ஒருவர் கலவரம் வரும் என்றார். ஆகஸ்ட் 4ஆம் தேதி மார்க் டகன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 6ஆம் தேதி அதே பகுதியில் உள்ள டாட்டன்ஹாம் எரிந்தது. கிளப்பை மூடியதால்தான் கலவரம் என்று சொன்னால் அது அசட்டுத்தனம். போலீஸ் மீது அங்கே பல தலைமுறைக் கோபம் இருந்தது. ஆனாலும் தெருவில் நின்ற பையனுக்குத் தெரிந்தது, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்குத் தெரியவில்லை.

"இதெல்லாம் உணர்ச்சி, கணக்கு இருக்கிறதா?" என்பார்கள். இருக்கிறது. பிரிட்டனின் நிதி ஆய்வுக் கழகத்துக்காக கார்மென் வில்லா என்ற பொருளாதார ஆய்வாளர் 2024ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டனின் யூத் கிளப்களில் 30 சதவீதம் மூடப்பட்டன. நடந்து போகும் தூரத்தில் இருந்த கிளப்பை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டார். கிளப்பை இழந்தவர்கள் குற்றத்தில் இறங்கும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருந்தது. ஜிசிஎஸ்இ மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இன்னும் அதிகம். கடைசியில், மூடியதால் மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் கொடுத்த விலை ஏறக்குறைய மூன்று பவுண்டு! இதைச் சிக்கனம் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

அந்தக் காலத்தில் பணமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2011ல் டேவிட் கேமரன் அரசு என்சிஎஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குக் கோடையில் சில வாரங்கள் முகாம், சாகச விளையாட்டு, கொஞ்சம் சமூக சேவை. 2014-15 முதல் 2017-18 வரை மட்டும் இதற்குப் போன பணம் 63 கோடி பவுண்டுக்கு மேல். முகாம் மோசம் என்று இல்லை, போய்வந்த பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் நவம்பர் மாதத்து மழை இரவில், வீட்டில் சண்டை என்று வெளியே வந்த பிள்ளை ஜூலை மாதத்து முகாமை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அந்த என்சிஎஸ்ஸும் 2025 மார்ச்சில் மூடப்பட்டது.

அடுத்த வாதம் இன்னும் சாமர்த்தியமானது: "ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமே?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'ஆபத்தில் உள்ளவன்' என்று பெயர் எழுதி ஒட்டிய கதவு வழியாக எந்தப் பதின்வயதுப் பிள்ளை உள்ளே போகும்? எல்லோருக்கும் திறந்திருப்பதால்தான், உதவி தேவைப்படுகிற பிள்ளை வெட்கப்படாமல் வருகிறது. பூல் ஆட வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் லண்டன் தமிழர்களையும் கொஞ்சம் பேசித்தான் ஆகவேண்டும். ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி பக்கம் சனிக்கிழமை என்றால் தமிழ்ப் பள்ளி, பரதம், மிருதங்கம், அதற்கு மேல் டியூஷன். "எங்க பிள்ளைகளை நாங்களே பார்த்துக்கிறோம், யூத் கிளப் எல்லாம் தறுதலைகள் போற இடம்" என்ற பேச்சு சாதாரணம். முதல் விஷயம், அந்த வகுப்புகள் பலவற்றுக்கும் காசு வேண்டும். அரங்கேற்றம் என்றால் ஆயிரக்கணக்கான பவுண்டு. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு வேலை செய்ய அனுமதியில்லாமல், ஆளுக்கு வாரம் 50 பவுண்டுக்கும் குறைவான உதவித்தொகையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை எங்கே போகும்? இரண்டாவது, 2000களின் தொடக்கத்தில் லண்டனில் தமிழ்ப் பையன்கள் கோஷ்டி சேர்ந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதும் செத்ததும் யாரும் கட்டிவிட்ட கதை இல்லை. அப்போதும் சனிக்கிழமைப் பள்ளிகள் இருக்கத்தான் செய்தன.

மூன்றாவதுதான் பெரிது. தமிழ் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள், மசூதி வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகள், சர்ச் பாடகர் குழுவில் கிறிஸ்தவப் பிள்ளைகள். எல்லாம் தேவைதான். ஆனால் ஒரே தெருவில் இருக்கும் இந்தப் பிள்ளைகள், மதிப்பெண்ணும் பரீட்சையும் இல்லாமல் ஒன்றாக உட்கார ஒரு இடம் வேண்டாமா? பெண் பிள்ளையை அங்கே அனுப்பத் தயக்கம் என்றால் அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே. பெண்களுக்கு மட்டும் என்று தனி மாலை வைத்திருக்கும் கிளப்கள் அதற்காகத்தான். விசாரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2023ல் மெர்க்குரி பரிசை எஸ்ரா கலெக்டிவ் வாங்கியது. அந்தப் பரிசு ஒரு ஜாஸ் குழுவுக்குப் போனது அதுவே முதல்முறை. டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற இலவச இசைப் பயிற்சித் திட்டத்தில் சந்தித்த இளைஞர்களால் உருவான குழு அது. கேரி கிராஸ்பி, ஜனீன் ஐரன்ஸ் இருவரும் அந்தத் திட்டத்தை 1991ல் தொடங்கினார்கள். பரிசு வாங்கிய மேடையிலேயே டிரம்மர் ஃபெமி கொலியோசோ, இளைஞர்களின் இசைக்காக நேரம் செலவிட்ட நல்ல மனிதர்களைப் பற்றிப் பேசினார். கைதட்டினார்கள். அரங்கத்தில் கைதட்டுவதற்குக் கவுன்சில் பட்ஜெட்டில் செலவு எதுவும் இல்லை. ஆனால் இந்த உதாரணத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது: பரிசு வாங்குகிறவனை உருவாக்கினால்தான் பணம் தருவோம் என்று கிளம்பிவிடுவார்கள். ராப் பாட வந்து, தனக்குச் சுட்டுப் போட்டாலும் அது வராது என்று கண்டுபிடித்துவிட்டு, சிரித்துப் பேசி ஒன்பது மணிக்குப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்த பையனும் அந்தப் பணத்துக்கு நியாயம் செய்தவன்தான்.

2025 டிசம்பரில் பிரிட்டன் அரசு புதிய தேசிய இளைஞர் திட்டத்தை வெளியிட்டது. கட்டடங்களைப் புதுப்பிக்கவும் புதிய மையங்கள் திறக்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது. புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்ட மந்திரிகள் வருவார்கள், படம் பிடிப்பார்கள். யூத் வொர்க்கரின் சம்பளத்துக்கு ரிப்பன் கிடையாது. மூன்று வருட மானியம் ஒரு மார்ச் மாதத்தில் முடியும். மே மாதம் ஜிசிஎஸ்இ. பதின்மூன்று வயதில் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பையனுக்கு அப்போது பதினாறு ஆகியிருக்கும். பேச்சுவாக்கில் ஏதாவது சொல்லலாம் என்று ஒரு மாலை அவன் வரும்போது, அதே ஆள் அங்கே வேலையில் இருப்பாரா?