மண்ணுக்குள் ஃபைபர் தொட்டி: வாங்கும் முன் குழியைக் கவனிங்க!

ஊரில் புது வீடு கட்டும் யாரிடம் கேட்டாலும், பட்ஜெட்டில் 'சம்ப்' கட்டாயம் இருக்கும். குழாய்த் தண்ணீர் நினைத்த நேரத்தில் வராத ஊர்களில் அது ஆடம்பரம் இல்லை, அவசியம். தென்காசி மாவட்டத்தின் சிவகிரி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் வீடு கட்டுபவர்களுக்கும் இதே கணக்குதான். முன்பெல்லாம் சிமென்ட் சம்ப் மட்டும்தான். இப்போது ஃபைபர் கிளாஸ் தொட்டியும் போட்டிக்கு வந்துவிட்டது. எது நல்லது?

ஃபைபர் தொட்டி என்றால் என்ன?

கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கடுக்காகச் சேர்த்து வார்ப்பதுதான் ஃபைபர் கிளாஸ். துருப்பிடிக்காது, எடை குறைவு, மூட்டு இல்லாமல் ஒரே உடம்பாக வரும். மண்ணுக்குள் இருப்பதால் வெயில் படாது. தண்ணீரும் சூடாகாது, பாசியும் எளிதில் பிடிக்காது.

சிமென்ட் சம்ப்பில் என்ன பிரச்னை?

நன்றாகக் கட்டினால் பெரிய பிரச்னை இல்லை. ஆனால் கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் ஆகும். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அந்த அசைவில் சிமென்ட் சுவரில் விரிசல் விழலாம். விரிசல் வழியே தண்ணீர் வெளியே போவது மட்டுமல்ல, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அழுக்கு உள்ளேயும் வரும். ஃபைபர் தொட்டிக்கு இந்த இடத்தில்தான் கூடுதல் மார்க்.

எத்தனை லிட்டர் வேண்டும்?

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர். அந்தக் கணக்கில் 5,000 லிட்டர் தொட்டி 22 நாள் தாங்கும். நகரங்களுக்கான 135 லிட்டர் கணக்கில் பார்த்தால் 9 நாள்தான். உங்கள் தெருவில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்க.

மழையையும் மறக்காதீங்க. 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். வழியில் போகும் இழப்பைக் கழித்தாலும் 3,500 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டு, மீதியை வடிகட்டித் தொட்டிக்கு விடலாம். நிரம்பி வழிவது மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும். 2003-லேயே தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்களே!

விற்பவர் சொல்லாத விஷயம்

எடை குறைவு என்பதுதான் இதன் பலம், அதுவே பலவீனமும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியைச் சுற்றித் தண்ணீர் ஊறி நிற்கும்போது தொட்டி காலியாக இருந்தால், அது படகு போல மேலே எழும்பும். 5,000 லிட்டர் தொட்டி முழுசாக மூழ்கினால் மேல்நோக்கிய விசை ஏறக்குறைய 5 டன். தொட்டியின் எடை அதில் சிறு பங்குதான். குழாய் இணைப்பு உடையும், மேலே போட்ட தரையும் பெயரும்.

இதைத் தவிர்க்க:

* அடியில் கான்கிரீட் தளம் போட்டு, தொட்டியைப் பட்டையால் அதோடு கட்ட வேண்டும்.
* தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் மணல் அல்லது சிறு ஜல்லியால் நிரப்ப வேண்டும்.
* நிரப்பும்போதே தொட்டிக்குள்ளும் தண்ணீர் ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.
* மேலே கார் நிற்கும் என்றால் பாரத்தைத் தாங்கத் தனி ஸ்லாப் வேண்டும்.
* மாடியில் வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் தொட்டியைப் புதைக்கக் கூடாது. அது மண் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல.

மூடி இறுக்கமாக இருக்கட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். கழுவுவதற்கு யாரையும் தனியாக உள்ளே இறக்காதீங்க. மூடிய தொட்டியில் காற்று குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

ஃபைபர் தொட்டி நல்ல தேர்வுதான். ஆனால் கடையில் பேசும் விலை தொட்டிக்கு மட்டும். குழி, தளம், பட்டை, மணல் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். சேமித்த காசில் வீடு கட்டும் குடும்பம், அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்த்து மொத்தத்தையும் இழக்கக் கூடாது. புதைக்கும் வேலையையும் அதற்கான உத்தரவாதத்தையும் சேர்த்தே எழுத்தில் கேளுங்க. கட்டட அனுமதி தரும் பேரூராட்சிகளும் மழைநீர்க் குழியைப் பார்ப்பதோடு, தொட்டி எப்படிப் புதைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டி பாதி, குழி மீதி!