பல்லுக்கொழுக்கட்டையும் எல்கேஜி விண்ணப்பமும்

யாழ்ப்பாணத்து வீடுகளில் குழந்தைக்கு முதல் பல் எட்டிப் பார்த்தால் கொழுக்கட்டை அவிப்பார்கள். பல்லைப் போலவே வெட்டிய தேங்காய்ச் சொட்டுகளை அதில் குத்தி, குழந்தையை நடுவில் உட்காரவைத்துத் தலைவழியே கொட்டுவார்கள். எதிரே புத்தகம், பேனை, நகை, கத்தரிக்கோல் என்று பரப்பியிருக்கும். குழந்தை எதை எடுக்கிறது என்று பார்க்கச் சுற்றிலும் சொந்தபந்தம் காத்திருக்கும். ஊரைவிட்டுப் போய் கனடாவிலும் லண்டனிலும் குடியேறியவர்கள்கூட இந்தப் பல்லுக்கொழுக்கட்டையைக் கைவிடவில்லை.

தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் குழந்தை குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், தவழ்ந்து வாசற்படி தாண்டினால் இன்னொரு பலகாரம் என்று செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். எழுந்து நிற்கத் தொடங்கியதும் நடைவண்டி வரும். இந்தக் கொண்டாட்டங்கள் எதிலும் முன்கூட்டியே தேதி குறிப்பதில்லை. பல் ஆறாம் மாதத்திலும் வரலாம், முதல் பிறந்தநாளை ஒட்டியும் வரலாம். வந்த பிறகுதான் விசேஷம். குழந்தை தன் வேளையில் செய்ததை வீடு ஏற்றுக்கொண்டு மகிழ்கிறது.

அந்த நிதானத்துக்கு அறிவியலின் ஆதரவும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு வளர்ந்த அந்தக் குழந்தைகளில் சிலர் 4 மாதம் நிறையும் முன்பே பிடிமானமின்றி உட்கார்ந்துவிட்டார்கள். சிலருக்கு 9 மாதம் ஆயிற்று. தனியே நடப்பதற்கான இயல்பான காலம் 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை நீண்டது. 100-க்கு 4 பேர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே எழுந்து நடந்தார்கள். ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடுகிறதே, நம் பிள்ளை இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே’ என்று தூக்கம் தொலைக்கும் தாய்மார்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மூன்று வயது ஆனதும் வீட்டில் அந்தப் பொறுமை கரைந்துவிடுகிறது.

எல்கேஜி விண்ணப்பம் கொடுக்கும் மாதங்களில் தமிழ்நாட்டு நகரங்களில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஜூலை 31-க்குள் 3 வயது நிறையுமா என்று பிறப்புச் சான்றிதழை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எந்தப் பள்ளியில் எப்போது விண்ணப்பம் தருவார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் விசாரிக்கிறார்கள். சேர்க்கை நாளன்று கேட்பார்களோ என்று பழங்களின் பெயரையும் நிறங்களின் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கக் குழந்தையைப் பழக்குகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், பள்ளிச் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் முதன்மையாக 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது என்றாலும், அந்தத் தடையின் நியாயம் 3 வயதுப் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

பள்ளி எது நல்லது என்று எடைபோடப் பெற்றோர் பெரும்பாலும் கையில் எடுப்பது நோட்டுப் புத்தகத்தைத்தான். டிசம்பருக்குள் எத்தனை எழுத்து, எத்தனை எண், நாலு கோடு நோட்டில் எத்தனை பக்கம் என்று பார்க்கிறார்கள். இங்கே குழந்தையின் கையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மனித மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில்தான் அவை எலும்பாக மாறுகின்றன. 3 வயதில் வழக்கமாக அவற்றில் பாதிகூட மாறியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து வரி மாறாமல் எழுது என்பது அநியாயம். களிமண் பிசைவது, மணி கோப்பது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, புளியங்கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் போடுவது என இவையெல்லாம் எழுத்துக்கு முந்தைய உழைப்பு. இதைச் செய்யும் வகுப்பைப் பார்த்து ‘சும்மா விளையாடத்தான் விடுகிறார்கள்’ என்று குறைசொல்வது அந்த ஆசிரியைக்குச் செய்யும் பெரிய அநீதி. 2022-இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 6 வயதுவரை பாடநூலே வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

இதைச் சொல்லிக் கொடுக்கக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னைக்கே வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் 1939-இல் அங்கே வந்து பயிற்சி வகுப்பு தொடங்கினார். பிறகு இரண்டாம் உலகப் போரில் இத்தாலியும் இறங்கியது. இத்தாலியர் என்பதால் அவரது நடமாட்டத்துக்குத் தடைகள் வந்தன. 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார்; அதில் சில காலம் கொடைக்கானலில் கழிந்தது. குழந்தை ஜாடியிலிருந்து தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவதையும் தன் சட்டைப் பொத்தானைத் தானே போடுவதையும் அவர் படிப்பின் தொடக்கமாகவே மதித்தார். ஆனால் அவர் பெயரை எந்தப் பள்ளியும் தன் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை. அதனால் பலகையை நம்பாமல் வகுப்புக்குள் போய்ப் பார்ப்பதே வழி.

போவதென்றால் ஆண்டு விழா நாளில் போகக் கூடாது. சாதாரண வேலைநாளில், பதினொரு மணிவாக்கில் போக வேண்டும். அழுகிற குழந்தை யார் இடுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயாம்மாவிடம் குழந்தைகள் ஒட்டிக்கொள்கிறார்களா, ஒதுங்குகிறார்களா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, அது 3 வயதுக் குழந்தையின் உயரத்துக்கு இருக்கிறதா? முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் குழந்தையை இருத்தி, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுவார்களா, முதல் நாளே கேட்டைச் சாத்திவிடுவார்களா? வேனில் எவ்வளவு நேரம்? வீட்டுக்கு எதிரே உள்ள சுமாரான பள்ளியே, ஒரு மணி நேரம் வேனில் குலுங்கிப் போகிற பேர்பெற்ற பள்ளியைவிட அந்த வயதுக்கு மேல்.

படிக்கட்டையும் கதவையும் கூரையையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ 94 குழந்தைகளைக் கொன்ற மாநிலம் இது. அவசரத்தில் எந்த வழியாகக் குழந்தைகளை இறக்குவீர்கள் என்று எந்தப் பெற்றோரும் கூச்சமின்றிக் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும்.

தனியார் பள்ளி வாசலில் நிற்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஓர் இடம் தெருக்கோடியிலேயே இருக்கிறது. ஊரில் பால்வாடி என்றே இன்னும் சொல்கிற அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் இன்று சுமார் 54,000 மையங்கள் இருக்கின்றன. சத்துமாவும் முட்டையும் மட்டுமல்ல, ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் கதை, பாட்டு, விளையாட்டு வழியான பாடத்திட்டமும் அங்கே உண்டு. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவற்றை மூடப்போவதாகச் செய்தி வந்தபோது எதிர்ப்பு எழுந்து, அரசு முடிவை மாற்றிக்கொண்டது. எல்லா மையங்களும் ஒரே தரத்தில் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்பான டீச்சர் இருக்கிற மையம் ஒன்று நடக்கிற தூரத்தில் இருந்தும், வசதியுள்ள வீட்டார் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது வருத்தம் தருகிறது.

கொண்டாட்டத்துக்கு வருவோம். விஜயதசமியன்று பூந்தோட்டம் அருகிலுள்ள கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விடியற்காலையிலிருந்து கூட்டம் நெரியும். அப்பா மடியில் குழந்தை, தட்டில் நெல், பிஞ்சு விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கும் பெரிய கை. அழகான தொடக்கம் அது. ஆனால் யுகேஜி முடித்ததற்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டி, வெயிலில் வரிசையில் நிறுத்தி, அதற்கென்று கட்டணமும் வாங்கி நடத்தும் பட்டமளிப்பு விழா குழந்தைக்கு என்ன தருகிறது? 5 வயதுக்குள் அது நிஜமாகச் சாதித்தவை வேறு. டிபன் பாக்ஸைத் தானே திறந்தது, செருப்பை இடம்வலம் பார்த்துப் போட்டது, ‘மிஸ், பாத்ரூம் போணும்’ என்று வாய்விட்டுக் கேட்டது, அழுத பிள்ளைக்குத் தன் பிஸ்கட்டை நீட்டியது. இவை நடந்த அன்று மாலையே வீட்டில் ஒரு கேசரி கிண்டினால் போதும்.

அவரவர் வேளையில் வளரட்டும் என்பதற்கு ஒரு வரம்பும் உண்டு. 18 மாதம் ஆகியும் நடக்காத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, பேசிய சொற்களை இழக்கிற குழந்தை என்றால், ‘அவங்க அப்பாவும் லேட்டுதான்’ என்று பாட்டி சொல்லும் ஆறுதலோடு இருந்துவிடக் கூடாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. பிறந்த குழந்தை முதல் 18 வயதினர்வரை அங்கே இலவசமாகப் பரிசோதிப்பார்கள். சந்தேகம் இருக்கிற பெற்றோர் பள்ளி விண்ணப்பத்துக்கு முன்னால் அங்கே போய்வர வேண்டும்.